டாய்லெட் சீட், டவல், ரேஸர்... ஹெச்.பி.வி. இப்படியும் தொற்றுமா?

ஹெச்.பி.வி. டெஸ்ட் ‘பாசிட்டிவ்’ என்று வந்ததும் பலரும் முதலில் கூகுளில் தேடுவது, ‘இது எங்கிருந்து வந்தது?’ என்றுதான். ஆபீஸ் டாய்லெட்டா, ஹாஸ்டலில் ரூம்மேட்டின் டவலா?

சந்தேகம் வருவதில் தப்பில்லை. இந்த வைரஸுக்கு வெளியே கொழுப்பு உறை கிடையாது. அதனால் உடலுக்கு வெளியிலும் சில காலம் தாக்குப்பிடிக்கும். ஆல்கஹால் சானிடைசருக்கும் எளிதில் மசியாது. மருத்துவக் கருவிகளிலும் மற்ற பரப்புகளிலும் இதன் டி.என்.ஏ. தடயம் கிடைத்திருக்கிறது. ஆனால் தடயம் வேறு, தொற்று வேறு. கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாகத் தோலின் அடியடுக்கு செல்களை எட்டினால்தான் வைரஸால் உள்ளே நுழைய முடியும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் 16, 18 போன்ற வகைகளுக்கு அந்த வழி, பெரும்பாலும் பாலுறவின்போது ஏற்படும் தோல் உரசல்தான். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுசா தடுக்காது. டாய்லெட் சீட்டில் உட்கார்ந்து இவை தொற்றியதாக நிரூபணம் இல்லை.

ஹெச்.பி.வி.யில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பொதுக் குளியலறையில் வெறுங்காலுடன் நடந்து பாதத்தில் மரு வருவதும் ஹெச்.பி.வி.யால்தான், ஆனால் அந்த வகைகள் வேறு. மரு உள்ளவரின் ரேஸரைத் தவிர்ப்பதும் நல்லதே.

நிஜமாகவே வினோதமான வழி ஒன்று உண்டு. பிறப்புறுப்பு மருக்களை லேசரால் எரித்துவந்த மருத்துவர் ஒருவருக்குக் குரல்வளையில் மருக்கள் வந்தன. லேசர் புகை வழியே தொற்றியிருக்கலாம் என நார்வே மருத்துவர்கள் 1991-ல் பதிவுசெய்தார்கள். அரிதாக, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் போகலாம்.

சரி, டாய்லெட் இல்லையென்றால் கணவர் மேல் சந்தேகப்படணுமா? இந்தப் பயம்தான் பலரையும் டவலைப் பற்றிக் கேட்க வைக்கிறது. வைரஸ் பல வருடங்கள் சத்தமில்லாமல் உடலில் இருக்கும். கல்யாணத்துக்கு முன்பே, இருவரில் யாருக்கு வேண்டுமானாலும் வந்திருக்கலாம். யாரிடமிருந்து, எப்போது என்று எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது. ஆண்களுக்கு இதற்கென வழக்கமான பரிசோதனையும் இல்லை என்பதால், ‘நீங்களும் டெஸ்ட் எடுங்க’ என்று சண்டை போட்டும் பயனில்லை.

பெரும்பாலான தொற்றுகள் இரண்டு வருடங்களுக்குள் தானாகவே மறைந்துவிடும். ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது எந்த வகை என்பதை. 16 அல்லது 18 என்றால் கால்போஸ்கோபி பற்றி டாக்டரிடம் உடனே கேளுங்கள். இதுவரை டெஸ்ட்டே எடுக்காதவர்கள், 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 வருடங்களுக்கு ஒருமுறை எடுத்தால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.