நெய்தல் மகளிருக்கு நீச்சல் எங்கே?

1909-ஆம் ஆண்டு, செப்டம்பர் திங்கள். இலண்டன் பளிங்கு மாளிகைத் திடலில் சாரணச் சிறுவர்கள் ஆயிரக்கணக்கில் அணிவகுத்து நின்றனர். அழைக்காமலே சிறுமியர் சிலர் வந்து சேர்ந்துகொண்டனர். தாங்களும் சாரணர்களே என்று சாதித்தனர்! இயக்கத் தலைவர் பேடன் பவல், பெண்களைத் திரட்டும் பொறுப்பைத் தம் தங்கை ஆக்னஸ் அம்மையாரிடம் ஒப்படைத்தார். 1910-இல் சாரணியர் இயக்கம் பிறந்தது.

அம்மையார் தேனீ வளர்த்தவர். பலூனில் ஏறி வானில் பறந்தவர். அடுப்படியே பெண்ணின் உலகம் என்றிருந்த நாளில், சிறுமியரை முதலுதவி கற்கவும், முடிச்சுப் போடவும், நீந்தவும் வெளியே அழைத்து வந்தது அவ்வியக்கம்.

குறையும் உண்டு. 1912-இல் அம்மையார் பெயரால் வந்த கையேடு, சாம்ராஜ்யத்தைக் கட்டி வளர்க்கச் சிறுமியர் எவ்வாறு உதவலாம் என்பதைத் தலைப்பிலேயே தாங்கி நின்றது. 1911-இல் ஜபல்பூரில் இயக்கம் கால் வைத்தபோதும், இடம் கிடைத்தது வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்கே!

அந்தச் சாம்ராஜ்யத்தை எதிர்த்து நின்றவர் கடலூர் அஞ்சலையம்மாள். 1857 எழுச்சியைக் கொடுமையாக ஒடுக்கிய நீலனின் சிலையைச் சென்னையிலிருந்து அகற்ற 1927-இல் நடந்த கிளர்ச்சியில், சிறுமியான தம் மகள் அம்மாக்கண்ணுவையும் உடன் அழைத்துச் சென்று சிறைப்பட்டார். அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயர் சூட்டினார் காந்தியார். அஞ்சலையம்மாளின் கட்சி வேறாக இருக்கலாம். வீரத்துக்குக் கட்சி ஏது?

துணிவு நம் மண்ணுக்கு இறக்குமதிச் சரக்கன்று. இல்லாதது பயிற்சி!

2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பாருங்கள். தேவனாம்பட்டினம் முதல் சிதம்பரத்தை அடுத்த கிள்ளை வரை கடல் ஊருக்குள் புகுந்தது. கடலூர் மாவட்டத்துக்கு ஆக்ஸ்ஃபாம் 2005-இல் காட்டிய கணக்கு: மாண்ட ஆண்கள் 146; பெண்கள் 391! அலைக்கு ஆண், பெண் வேற்றுமை தெரியுமா? வேற்றுமை செய்தவர்கள் நாம். ஆண்பிள்ளை கடலில் குதித்து நீந்தக் கற்றான். பெண்பிள்ளை மீனுக்காகக் கரையில் காத்து நின்றாள். பிள்ளையை இடுப்பிலும், புடவையைக் காலிலும் சுமந்து ஓடினாள்.

நீச்சல் கற்றால் அடக்கம் போய்விடும் என்று முணுமுணுப்போர் உண்டு. அவர்களை நாம் கேட்கிறோம்: உயிர் போன பின் அடக்கம் செய்வதைத் தவிர வேறென்ன அடக்கம் மிஞ்சும்?

1951-இல் சாரணியர் சங்கம் பாரத சாரண சாரணியர் இயக்கத்தோடு இணைந்தது. சாம்ராஜ்யம் போயிற்று, இயக்கம் நம்முடையதாயிற்று. பிறகு ஏன் தயக்கம்? கடலூர், சிதம்பரம் பகுதிகளில் பெண்கள் பயிலும் பள்ளி ஒவ்வொன்றிலும் சாரணியர் படை வேண்டும். மீனவக் குப்பத்துப் பெண்ணுக்கும், சேரிப் பெண்ணுக்கும் சீருடை இலவசமாகத் தரப்பட வேண்டும். நீச்சலும் முதலுதவியும் பாடத்தோடு பாடமாக வேண்டும்.

இலண்டன் சிறுமியர் அழைப்புக்குக் காத்திருக்கவில்லை. நம் சிறுமியரையும் காக்க வைக்க வேண்டாம், கடல் காத்திருக்காது!