இரட்டைக் கன்றும் எழுபது வளைவும்

காரவள்ளியில் தொடங்கும் கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருபவர்களுக்கு அது படம் எடுக்கிற சங்கதி. மேலே மாடு வைத்திருப்பவருக்கு அப்படி இல்லை. ஈனும்போது கன்று பாதி வழியில் சிக்கிக்கொண்டால், மாட்டை வண்டியில் ஏற்றி அத்தனை வளைவிலும் குலுக்கிக் கீழே இறக்க யாருக்குத்தான் மனம் வரும்? 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதோ சமவெளியில். ஆகவே வயிற்றில் இருப்பது ஒன்றா, இரண்டா என்பது இந்த மலையில் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டிய விஷயம்.

இரட்டை இங்கே அபூர்வம்தான். அமெரிக்கப் பண்ணைகளில் ஹோல்ஸ்டீன் மாடுகள் நூறு முறை ஈன்றால் நாலைந்து முறை இரட்டை பிறக்கும். அதிகம் கறக்கும் மாடு அதிகம் தின்னும். அதன் ஈரல் சினை ஹார்மோன்களை வேகமாகக் கரைத்துவிடும். அதனால் ஒரே பருவத்தில் இரண்டு முட்டைகள் வெளியாகும் வாய்ப்பு கூடும். நம் நாட்டு மாடுகளில் இது மிகக் குறைவு. அமெரிக்காவில் ஒரு கருவை மட்டும் கலைக்கும் உத்தியெல்லாம் பேசப்படுகிறது. நமக்கு அது வேண்டாத வேலை. ஸ்கேனில் ஒரு மாதத்துக்குப் பிறகு இரட்டை தெரிந்துவிடும் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

தெரிந்தபின் கவனிக்க வேண்டியது தீவனத்தை. ஒற்றைக் கன்றுக்கு 280 நாள் என்றால், இரட்டை ஒரு வாரம், பத்து நாள் முந்திக்கொள்ளும். அதற்கேற்பக் கறவையையும் முன்னதாகவே வற்றவிட வேண்டும். கடைசி இரண்டு மாதம் இரண்டு கன்றுகள் அடைத்துக்கொண்ட வயிற்றில் தீவனத்துக்கு இடம் குறைவு, தேவையோ அதிகம். அதனால் அடர் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துத் தர வேண்டும். சாமையும் கேழ்வரகும் விளைந்த காடுகள் பல மரவள்ளிக்கு மாறிவிட்டதால் தட்டை கிடைப்பதும் குறைந்திருக்கிறது. பசிக்கிறதே என்று மரவள்ளி இலையையும் தோலையும் பச்சையாகப் போட்டால் அதிலுள்ள சயனைடு மாட்டையே கொன்றுவிடும். வெயிலில் நன்றாகக் காய்ந்தால் நஞ்சு குறையும்.

ஈனும் நேரத்தில் பெரிய ஆபத்து அவசரம். இரண்டு கால் வெளியே தெரிந்ததும் கயிறு கட்டி இழுப்பவர்கள் உண்டு. அவை ஒரே கன்றின் கால்கள்தானா? மருத்துவர் கையை உள்ளே விட்டு, குளம்பிலிருந்து மேலே தடவிக்கொண்டே போவார். குளம்புக்கு மேலே உள்ள இரண்டு மூட்டுகளும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால். எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். இரண்டு கால்களும் ஒரே நெஞ்சில், அல்லது ஒரே இடுப்பில் போய்ச் சேர்ந்தால்தான் இழுக்கலாம். முதல் கன்று விழுந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாமல், உள்ளே இன்னொன்று இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலைதான்.

இரட்டை ஈன்ற மாட்டுக்கு இளங்கொடி தங்குவது சகஜம். ஒரு நாளாகியும் விழவில்லை என்றால் கல் கட்டித் தொங்கவிடுவதோ, பிடித்து இழுப்பதோ கூடாது. கருப்பை கிழிந்து சீழ் பிடிக்கும். கன்றுகள் இரண்டுக்கும் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் போக வேண்டும். வலுவானது முட்டி முட்டிக் குடித்துவிட, இளைத்தது ஓரமாக நிற்கும். அதைக் கையால் பிடித்து ஊட்ட வேண்டும்.

எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகும் நஷ்டம் ஒன்று காத்திருக்கிறது. காளையோடு பிறந்த கிடாரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடு. கருவிலேயே இரண்டின் ரத்தக் குழாய்களும் இணைந்து, காளையின் ஹார்மோன்கள் கிடாரியின் சினைப்பையை வளரவிடாமல் செய்துவிடுகின்றன. விஞ்ஞானி ஃபிராங்க் லில்லி 1916இல் இதை விளக்கினார். 1945இல் ரே ஓவன், இத்தகைய இரட்டையர் ஒவ்வொன்றின் உடம்பிலும் மற்றதன் ரத்த அணுக்கள் ஓடுவதைக் கண்டார். மாற்று உறுப்பை உடம்பு ஏற்பது பற்றி 1960இல் நோபல் பெற்ற மெடாவர், பர்னெட் ஆகியோரின் ஆய்வுக்கு அதுவே ஒரு தொடக்கப்புள்ளி. மாட்டுக் கொட்டகையிலிருந்து மருத்துவமனைக்குப் போன அறிவு!

கொட்டகைக்காரருக்கு வேண்டியது சின்னச் சோதனை. ஒரு மாதக் கன்றின் பிறப்புறுப்பில் எண்ணெய் தடவிய, முனை மழுங்கிய குழாயை மருத்துவர் மெல்லச் செலுத்துவார். 12 சென்டிமீட்டருக்கு மேல் போனால் நல்லது. அதில் பாதியிலேயே முட்டி நின்றால் அது சினை பிடிக்காது. அது தெரியாமல் இரண்டு வருடம் தீனி போட்டு வளர்ப்பவர்களும், தெரிந்தே சந்தையில் தள்ளிவிடுபவர்களும் உண்டு. கிடாரி வாங்குபவர் பல்லையும் மடியையும் பார்ப்பதோடு, கூடப் பிறந்தது என்ன என்றும் கேட்டுவிடுவது நல்லது. காளை கருவிலேயே கரைந்து, கிடாரி மட்டும் தனியாகப் பிறந்திருந்தால் விற்பவருக்கே அது தெரிந்திருக்காது. வயதாகியும் பருவத்துக்கு வராத கிடாரியை மருத்துவர் கைவிட்டுப் பார்க்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.