ராயபுரத்துக்கும் ஈஸ்டருக்கும் என்ன தொடர்பு?

ராயபுரம்னு சொன்னா ரயில் நிலையமும் காசிமேட்டு மீனும்தான் நினைவுக்கு வரும். ஆனால், அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு மீனவர் இருக்கிறார்.

யார் அவர்?

இயேசுவின் சீடர் பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'ராயப்பர்' என்பார்கள். படகோட்டும் சமூகத்தினர் 19-ம் நூற்றாண்டில் இங்கே எழுப்பிய ஆலயம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ராயபுரம் என்ற பெயரே அவரிடமிருந்து வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

ஈஸ்டரில் அவருக்கு என்ன வேலை?

இயேசு கைதான இரவில், அவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை மறுத்தவர் பேதுரு. மீதிக் கதை யோவான் நற்செய்தி 21-ம் அதிகாரத்தில் இருக்கிறது. ராத்திரி முழுக்க வலை வீசியும் ஒண்ணும் சிக்கவில்லை. விடியற்காலையில், கரையில் நின்றவர் சொன்ன பக்கம் வீசினால் 153 பெரிய மீன்கள்! நின்றவர் உயிர்த்தெழுந்த இயேசு. மீன் சுட்டுச் சாப்பிடக் கூப்பிட்டவர், தன்மேல் அன்பு உண்டா என்று பேதுருவிடம் மூன்று முறை கேட்கிறார். மறுத்த வாய், மூன்று முறையும் ஆமாம் என்கிறது.

இன்றைக்கும் ஏன் நெருக்கம்?

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் 61 நாள். 2025-ல் ஈஸ்டர் ஏப்ரல் 20, அதாவது தடையின் ஆறாவது நாள். விசைப்படகுகள் கரையில், வருமானமும் இல்லை. வெறும் வலையின் கதை இங்கே யாருக்கும் புதுசு இல்லை.

ஈஸ்டருக்கு முந்தைய இரவு, இருட்டில் புதுத்தீ மூட்டி, பாஸ்கா மெழுகுவர்த்தி ஏற்றி, எல்லோரும் திருமுழுக்கு வாக்குறுதியைப் புதுப்பிப்பார்கள். கரையில் ராயப்பர் செய்ததும் அதைத்தான்.