பேட்டரி கிரிப் வாங்கும் முன்

வடசேரியிலும் நாகர்கோவிலைச் சுற்றியும் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிற எங்களுக்கு, கேமராவின் அடியில் மாட்டிக் கூடுதல் பேட்டரி போடும் பேட்டரி கிரிப் ஆடம்பரப் பொருள் இல்லை. விடியற்காலை பெண் அலங்காரத்தில் தூக்கிய கேமராவைச் சாயங்காலம்தான் கீழே வைப்போம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு முகூர்த்தம். கெட்டிமேளம் முழங்கிய நேரத்தில் என் கேமரா அணைந்துவிட்டது. பேட்டரி இரண்டிலும் சார்ஜ் இருந்தது. கிரிப்பை லேசாகத் திருகியதும் மறுபடி உயிர் வந்தது. அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்தாயிற்று. அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?

பல டிஎஸ்எல்ஆர்களில் பேட்டரி இருக்கும் குழிக்குள் கிரிப்பின் கழுத்தை நுழைத்து, ட்ரைபாட் துளையில் திருகி முறுக்குவோம். கழுத்து நுனியிலுள்ள சின்னஞ்சிறு தகடுகள் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. வார்ப்பு மயிரிழை பிசகினாலும் கையின் அழுத்தத்தில் தொடர்பு விட்டுப்போகும். கார்டில் பதிவாகிக்கொண்டிருக்கும் வீடியோவும் கெடலாம். அதனால் கடையிலேயே கிரிப்பை மாட்டி, வீடியோ ஓடவிட்டு, கிரிப்பை மட்டும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

வெளிக் கம்பெனி கிரிப் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், வருஷக்கணக்கில் உழைப்பவையும் உண்டு. ஆனால் விற்பவர் சொல்லும் வசதி பில்லில் இருக்கட்டும். நிக்கான் டி850 வினாடிக்கு 7 படம் எடுக்கும். கம்பெனியின் எம்பி-டி18 கிரிப்பில் இஎன்-இஎல்18 வகை பேட்டரி போட்டால் 9. 'இதுவும் அதே வேகம்தான்' என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். வெளிப் பொருளால் கேமரா பழுதானால் கேமரா கம்பெனியின் வாரண்டி பொதுவாக அதை ஏற்காது.

பேட்டரியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கேனான் எல்பி-இ6என்எச் 2130 எம்ஏஎச். அதே அளவில் 3000க்கு மேல் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். லித்தியம் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 தரத்தின்படி பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் அந்தப் பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம்.

பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அதிலும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசுங்கள். அடுத்த வழி நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருள் டெல்லியிலிருந்து வந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இந்த மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, கெடு 2 ஆண்டு.

நம் தொழில்காரர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. வணிகத்துக்கு வாங்கியவர் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துகிறவருக்கு அதே சட்டம் விலக்குத் தருகிறது. உங்கள் நிலை அதுதான் என்றால், புகாரின் முதல் பத்தியிலேயே அதைத் தெளிவாக எழுதிவிடுங்கள்.