பஞ்சமி நிலம்: கைப்பேசித் திரை காட்டுவதும் காட்டாததும்

பூந்தமல்லியைச் சுற்றியுள்ள ஊர்களில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. மெட்ரோ வழித்தடம், குத்தம்பாக்கம் பேருந்து முனையம், புதிய மனைப்பிரிவுகள் என்று நகரம் மேற்கு நோக்கி விரிகிறது. இத்தகைய விரிவாக்கத்தில் முதலில் நெருக்கடிக்கு உள்ளாவது, கையில் வலுவான ஆவணம் இல்லாதவர்களின் நிலமே. ஆவணங்களைத் தேட வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நாள்கணக்கில் அலைய வேண்டியிருந்த நிலை இன்று ஓரளவு மாறியிருக்கிறது. கைப்பேசியும் இணைய இணைப்பும் இருந்தால் ஒரு நிலத்தின் அடிப்படை விவரங்களைக் கட்டணமின்றிப் பார்த்துவிடலாம். ஆனால் திரையில் தெரிவதை எப்படிப் படிப்பது, எதை நம்பக்கூடாது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்பகுதிக்கு இது பொதுவான அறிவுரை மட்டுமன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் பூந்தமல்லி, செங்கல்பட்டு மாவட்டத்தின் சைதாப்பேட்டை வட்டத்தில் இருந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமை குறித்து அளித்த அறிக்கையே பஞ்சமி நில ஒப்படைக்கு அடித்தளம். 1892இல் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. நிலம் பெற்றவர் முதல் 10 ஆண்டுகளுக்கு அதை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது; அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்ற முடியும் என்பது அந்நிலங்களுக்கான நிபந்தனை. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகப் பரவலாகக் கூறப்படுகிறது. அவற்றுள் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றது. காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர்.

இரண்டு இணையதளங்கள்

முதலாவது, வருவாய்த்துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' மின்சேவைத் தளம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகியவற்றை அளித்தால் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றைக் காணலாம். பூந்தமல்லியைப் பூவிருந்தவல்லி என்றும் எழுதும் வழக்கம் உள்ளதால், பட்டியலில் ஒரு பெயர் இல்லையென்றால் மற்றொன்றைத் தேட வேண்டும். நகர நிலஅளவைக்கு உட்பட்ட இடமானால் கிராமப் புல எண்ணுக்குப் பதிலாக வார்டு, பிளாக், நகர அளவை எண் ஆகியவை கேட்கப்படும். யாராவது பட்டா நகலைக் காட்டி நிலம் தமக்கே உரியது என்று வாதிட்டால், அதில் அச்சிடப்பட்டுள்ள குறிப்பு எண்ணை இதே தளத்தில் இட்டு நகல் உண்மையானதா என்று சரிபார்க்கலாம்.

இரண்டாவது, பதிவுத்துறையின் இணையதளம். அதில் கணக்கு ஒன்றைத் தொடங்கி, புல எண்ணைக் கொண்டு வில்லங்க விவரத்தைப் பார்வையிடலாம். பெரும்பாலான இடங்களுக்கு 1975 முதலான பதிவுகள் கிடைக்கின்றன. எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆவண எண், நாள், முந்தைய ஆவண எண் ஆகியவை அதில் இருக்கும். முந்தைய ஆவண எண்ணைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் சென்றால், நிலம் எந்த ஆண்டில் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பது ஒரு சங்கிலிபோல் தெளிவாகும்.

திரை காட்டாதவை

இங்குதான் எச்சரிக்கை தேவை. வில்லங்க விவரத்தில் பதிவு செய்யப்பட்ட பத்திரங்கள் மட்டுமே இடம்பெறும். பஞ்சமி ஒப்படை வருவாய்த்துறையின் ஆணை. அது பத்திரமாகப் பதிவு செய்யப்பட்டதன்று. ஆகவே வில்லங்கம் ஏதுமில்லை என்று வந்தாலும், அது பஞ்சமி நிலம் அல்ல என்று பொருளாகாது.

அ-பதிவேட்டிலும் இதே சிக்கல் உண்டு. 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் (யு.டி.ஆர்.) பழைய பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன, பல இடங்களில் புல எண்களும் உட்பிரிவுகளும் மாறின. பழைய பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் இருந்த 'பஞ்சமி', 'டி.சி. நிலம்', 'நிபந்தனை' போன்ற சொற்கள் புதிய பதிவேட்டுக்கு வராமல் போனதாக நில மீட்பு இயக்கங்கள் நெடுங்காலமாகக் கூறிவருகின்றன. அன்று எழுத்தர் எழுதாமல் விட்டதைக் கணினி இன்று தானாகச் சேர்த்துவிடாது. இணையப் பதிவு தேடலின் தொடக்கம் மட்டுமே.

அடுத்த படி, தகவல் பெறும் உரிமைச் சட்டம். வட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 'இது பஞ்சமி நிலமா?' என்று கேட்டால் மழுப்பலான பதிலே வரக்கூடும். மாறாக, குறிப்பிட்ட புல எண்ணுக்கு யு.டி.ஆர்.க்கு முந்தைய அ-பதிவேட்டின் சான்றிட்ட நகல், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டு விவரத்தின் நகல், ஒப்படை ஆணையின் நகல் என்று ஆவணங்களின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். விரைவு அஞ்சலில் அனுப்பினால், அது சேர்ந்த நாளை அஞ்சல் துறையின் இணையதளத்தில் காணலாம். 30 நாட்களுக்குள் தகவல் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

தேடும்போது நம்மைக் காத்துக்கொள்ள

அரசுத் தளங்களைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்களும் செயலிகளும் தேடலில் முன்னால் வருகின்றன. முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே கைப்பேசி எண்ணை அளிக்க வேண்டும். ஓ.டி.பி.யை எவரிடமும் சொல்லலாகாது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் பார்ப்பவர்கள் கடவுச்சொல்லைச் சேமிக்க அனுமதிக்காமல், வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறி, பதிவிறக்கிய ஆதார், பட்டா நகல்களை அழித்துவிட வேண்டும்.

பார்த்த ஒவ்வொரு பக்கத்தையும் பி.டி.எஃப். கோப்பாகச் சேமிப்பதும் இன்றியமையாதது. கோப்பின் பெயரிலேயே புல எண்ணையும் நாளையும் எழுதிவிடலாம். நாளை பட்டாவில் பெயர் மாறினால், நேற்று யார் பெயர் இருந்தது என்று காட்ட அது உதவும். அந்தக் கோப்பு நீதிமன்றச் சான்றுக்கு ஈடாகாது என்றாலும், எந்த ஆவணத்தின் சான்றிட்ட நகலைக் கேட்க வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

இவ்வாறு சேரும் தாள்களுக்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எஃப்), 3(1)(ஜி) ஆகியவற்றின்படி, பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் நிலத்தை முறைகேடாக ஆக்கிரமிப்பதும் அவர்களை அதிலிருந்து வெளியேற்றுவதும் குற்றம். நில ஆவணங்களைப் பொய்யாகப் புனைந்து செய்வதும் அந்த 'முறைகேடு' என்பதற்குள் அடங்கும் என்று சட்டமே விளக்குகிறது. புகார் அளிக்க உதவி தேவைப்படுவோர் 14566 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.

ஒரு குடும்பம் தனியாகத் தேடினால் ஒரு புல எண்ணின் கதை மட்டுமே கிடைக்கும். ஒரு குடியிருப்பின் படித்த இளைஞர்கள் சிலர் சேர்ந்து, பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கும் நிலங்களின் பழைய பெயர்களையும் எல்லைகளையும் கேட்டுக் குறித்து, புலப்படத்துடன் ஒப்பிட்டால், ஊரின் நில வரலாறே திரளும். அந்தப் பெரியவர்கள் நம்முடன் இருக்கும்போதே இதைத் தொடங்கிவிட வேண்டும்.