தோட்டப் பாடசாலைகளும் மாணாக்கர் உடல் வளர்ச்சியும்

மாணாக்கரின் அறிவை அளத்தற்குத் தவணைதோறும் பரீட்சை நடாத்துகின்றோம். அவர்தம் உடல் வளர்ச்சியை அளப்பதில் அத்துணைக் கருத்துச் செலுத்துகின்றோமா? நம் கல்லூரியிற் பயின்று ஆசிரியராகவும் வைத்தியராகவும் பணிபுரியும் அன்பர் பலர் இம்மலரைக் காண்பராதலின், இவ்வினாவை ஈண்டு எழுப்புதல் பொருந்துமெனக் கருதுகின்றோம். மலைநாட்டுப் பொகவந்தலாவையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

கெகல்கமு ஓயா பாயும் அப்பள்ளத்தாக்கின் தேயிலைத் தோட்டங்களிலே, லயங்களிற் பிறந்து வளரும் பிள்ளைகளின் உடற்பருமனைப் பற்றிப் பேசுதல் தகுமோ எனச் சிலர் வினவலாம். 2016 ஆம் ஆண்டில் இலங்கையில் எடுக்கப்பெற்ற குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் வயதிற்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தனர். தோட்டப் பகுதியிலோ இத்தொகை ஏறத்தாழ 32 ஆகும். ஆகவே அங்கு முதற்குறை போசாக்கின்மையே, இதனை மறுப்பாரிலர்.

ஆயினும் குறையும் மிகையும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஒரே உடலில் இரண்டுங் கூடி வாழ வல்லன. கருவிலே போதிய ஊட்டமின்றிக் குறைந்த நிறையுடன் பிறந்தோர், பிற்காலத்தில் இருதய நோய்க்கும் நீரிழிவுக்கும் ஆளாதல் மிகுதியென்பதை ஆங்கில மருத்துவ அறிஞர் டேவிட் பாக்கர் 1980களின் இறுதி தொட்டு ஆய்ந்து விளக்கினார். அத்தகைய குழந்தை வளருங்காலத்து மாவும் சீனியும் கொழுப்பும் மலிந்த உணவையே பெறுமாயின், உயரம் ஏறாது கொழுப்பு மட்டும் ஏறும். ஆதலின் நிறையை மாத்திரம் நோக்குதல் நம்மை மயக்கும்.

பத்து வயதுச் சிறுவர் இருவரைக் கொள்வோம். இருவர் நிறையும் 29 கிலோகிராம். ஒருவன் உயரம் 138 சதமமீற்றர். மற்றவன் உயரம் 124 சதமமீற்றர். நிறையைக் கிலோகிராமிற் கொண்டு, மீற்றரிற் கொண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வருவது உடற்றிணிவுச் சுட்டெண். முதல்வனுக்கு அது ஏறத்தாழ 15.2, இரண்டாமவனுக்கு 18.9. உலக சுகாதார தாபனம் 2007 இல் வெளியிட்ட அளவுகளின்படி, பத்து வயது ஆண் பிள்ளைக்கு 18.5 ஐக் கடப்பது மிகைநிறையாகும். 125 சதமமீற்றருக்குக் குறைவது வளர்ச்சி குன்றலாகும். எனவே இரண்டாமவனிடத்து இருகுறையும் உள. அவ்வயதிற்குரிய நடுத்தர நிறை ஏறத்தாழ 31 கிலோகிராம். தராசை மட்டும் பார்ப்போர் அவனை மெலிந்தவனென்றெண்ணி, இன்னும் இனிப்பூட்டுமாறு கூறிவிடுவர்! உயரத்தையும் அளந்தார்க்கே உண்மை புலப்படும். பெண் பிள்ளைகளுக்கும் ஏனை வயதினர்க்கும் அளவுகள் வேறாதலின், வயதிற்குரிய அட்டவணையைப் பார்த்தல் இன்றியமையாதது.

இந்நாட்டிற் பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10 ஆம் தரங்களில் நடைபெறுதல் வழக்கம். இடைப்பட்ட ஆண்டுகளில் அளப்பது ஆசிரியர் கடன். தவணைக்கொரு முறை பாதணி நீக்கி, குதிகாலும் தோளும் சுவரிற் பொருந்த நிறுத்தி உயரத்தைக் குறித்தல் வேண்டும். ஓரளவு தருஞ் செய்தி சிறிது; தொடர்ந்து குறித்த அளவுகளே வளர்ச்சியின் போக்கைக் காட்டும். அளவைப் பிறர் கேட்க உரைத்தலும், பட்டப்பெயர் சூட்டி நகைத்தலும் கூடா. நாணமுற்ற பிள்ளை மறுமுறை தராசை அணுகான். ஐயத்திற்கிடமானவனைச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுப்புக. பட்டினி போடுமாறு கூறற்க.

இனி, உணவு. விடியற்காலையிற் கொழுந்து பறிக்கச் செல்லுந் தாய் ரொட்டியும் சீனியிட்ட தேநீருமே வைத்துச் செல்வாளாயின், அது அவள் குற்றமன்று. காலமும் ஊதியமும் அவளுக்கிட்ட எல்லை. அதனோடு ஒரு முட்டையோ, பருப்போ, கீரையோ சேருமாறு வழிகாண்பதே அறிவுடைமை. லயத்தருகே காய்கறி பயிரிடும் வழக்கம் அம்மக்களுக்குப் புதிதன்று. பாடசாலைத் தோட்டமும் அதற்குத் துணைசெய்யும். மென்பானங்களுக்கு 2016 முதல் நிறக்குறி இடப்படுகின்றது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமிற்கு மேற் சீனியுள்ளதற்குச் சிவப்பு. அத்தகைய பானம் 200 மில்லிலீற்றர் பருகுவோன் நான்கு தேக்கரண்டிக்கு மேற்பட்ட சீனியை உட்கொள்கின்றான். அக்குறியை வாசிக்கக் கற்பித்தலும் கல்வியே. சிற்றுண்டிச்சாலையில் அவித்த கடலையும் பழமும் முன்வரிசையில் இருத்தல் வேண்டும்.

ஐந்து முதற் பதினேழு வயதினர்க்கு நாடோறும் சராசரி ஒரு மணிநேர உடலுழைப்பு வேண்டுமென உலக சுகாதார தாபனம் கூறுகின்றது. மலைப்பாதையில் நடந்துவரும் பிள்ளைக்கு இதிற் பெரும்பகுதி தானே கிட்டும். முச்சக்கர வண்டியில் வருவோனுக்கு விளையாட்டுப் பாடமே கதி. பரீட்சை நெருங்குங்கால் அப்பாடவேளையைக் கணிதத்திற்குக் கடன்கொடுக்கும் வழக்கம் ஒழிதல் வேண்டும். தென்மேற்குப் பருவமழை பெய்யும் நாட்களில் மண்டபத்தினுள்ளே தேகப்பயிற்சி நடாத்தலாம்.

விழாக்காலத்து வெற்றிக்கிண்ணங்கள் பல வழங்குகின்றோம். மலைநாட்டுத் தோட்டப் பாடசாலையொன்றிற்கு நல்ல தராசொன்றும் உயரமானியொன்றும் நாம் வழங்குவோமாயின், கிண்ணம் பெறாத பிள்ளைகளும் அதனாற் பயன்பெறுவர். பழைய மாணவர் இதனைச் சிந்திப்பாராக.