புயலின் கண்ணுக்குள் ஒரு விமானம்

1943-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி, டெக்ஸாஸ் மாகாணத்தின் கால்வெஸ்டன் கரையை ஒரு சூறாவளி தாக்கிக்கொண்டிருந்தபோது, கண்ணை நம்பாமல் கருவிகளையே நம்பி விமானம் ஓட்டும் வித்தையைக் கற்பித்துவந்த ஜோசப் டக்வொர்த் என்பவர், ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானமொன்றில், ஒரு துணைவருடன், அச்சூறாவளியின் கண்ணாகிய மையத்துக்கே சென்று திரும்பினார். பந்தயத்தின்பேரில் செய்த காரியம் என்பார்கள். சாகசமென்றோ அசட்டுத் துணிச்சலென்றோ அவரவர் மனோபாவத்துக்கேற்பச் சொல்லிக்கொள்ளலாம்.

இன்று அதே காரியத்தை அமெரிக்க விமானப்படையின் 53-ஆவது வானிலை உளவுப் பிரிவு, நான்கு சுழல்விசிறிகள் கொண்ட ஹெர்குலிஸ் விமானங்களில், நித்திய கர்மம்போல் செய்துவருகிறது. நிதானமாகப் பறப்பதே அவ்விமானத்துக்குப் பலம். சுமார் 10,000 அடி உயரத்தில் புயலின் சுவரைக் கிழித்துக்கொண்டு கண்ணுக்குள் புகுந்ததும், சிறு பாராசூட் கட்டிய குழாய்க் கருவியொன்றை நழுவவிடுகிறார்கள். அது கடலில் விழும்வரை காற்றின் வேகம், அழுத்தம், வெப்பம், ஈரம் ஆகியவற்றை வானொலியில் ஒப்பித்துக்கொண்டே இறங்குகிறது.

இப்படிப் புயலுக்குள் புகும் ஹெர்குலிஸுக்கு நேர்மாறான யூ-2 உளவு விமானமோ, 70,000 அடி உயரத்தில், மேகங்களெல்லாம் காலடியில் கிடக்கப் பறப்பது. ஆகையால் ஆகாயத்தில் அதற்குப் புயற்பயம் இல்லை. தரைதான் சத்துரு. 100 அடிக்கு மேல் நீண்ட இறக்கைகளும், சைக்கிளைப்போல் முன்னும் பின்னுமாய் அமைந்த சக்கரங்களும் உடைய அதைப் பக்கவாட்டுக் காற்றில் இறக்குவது கழைக்கூத்துக்கு ஒப்பானது. அப்போது மற்றொரு யூ-2 விமானி மோட்டார் காரில் பின்னாலேயே விரைந்து, "ஐந்தடி, மூன்றடி, இரண்டடி" என்று வானொலியில் சொல்லிக்கொண்டே வருவார்.